ஆறு நாற்று

கந்தப்பளையில் உருளைக்கிழங்குப் பாத்தியில்
களை பிடுங்கிய சனிக்கிழமை,
கூலியோடு சேர்த்து
விளிம்புடைந்த தயிர்ச் சட்டியில் ஆறு நாற்று
வைத்துக் கொடுத்தாள் சுமனாவதி.
‘கேல்’ என்றாள். கோவாவுக்குச் சொந்தமாம்,
ஆனால் உருண்டு மூடிக்கொள்ளாதாம்.

லயத்துக்குப் பின்னால்
எங்கள் காம்பராவுக்கென்று இருப்பது
கானுக்கும் பீலிக்கும் நடுவே
நாலு சாக்கு விரித்த அகலம்.
கல் பொறுக்கினேன்.
டேவிட்ராஜிடம் இரண்டு வாளி சாணி கடன்.
முள்ளம்பன்றிக்கு மறைப்பாய்ப் பழைய கூரைத் தகரம்.

“இலையா?” என்றாள் ரெங்கநாயகி,
கூடையை இறக்கி
உச்சந்தலையில் கயிறு அழுத்திய இடத்தைத் தேய்த்தபடி.
“விடிஞ்சதிலேருந்து இலை.
பதினெட்டுக் கிலோ.
தராசுல அரைக்கிலோ கழிச்சுட்டான், அது வேற.
ராவைக்கும் கோப்பையில இலையப் போடாத.”

போட்டேன்.
நடு நரம்பைக் கத்தியால் உருவி
ஐந்தாறு இலையை ஒன்றாகச் சுருட்டி
பீடித்தூள் போல அரிந்து
உப்புப் போட்டுப் பிசைந்தேன்.
பிசைந்தால்தான் இந்த முரட்டு இலை மனமிரங்கும்.
சட்டியில் வெங்காயம், செத்தல், இடித்த மாசி.
மூடி வைத்து, ரேடியோவில் ஒரு பாட்டு முடியும் நேரம்.
இறக்கிய பிறகு தேங்காய்ப்பூ,
அரை மூடி தேசிக்காய்.
ரொட்டியோடு வைத்தேன்.
மாசியை மட்டும் பொறுக்கித் தின்றாள்.

தேயிலைக்கும் இதற்கும் எதிர் வழக்கு.
அங்கே முற்றலை விட்டுக் குருத்தைக் கிள்ளணும்.
இங்கே குருத்தை விட்டு முற்றலை ஒடிக்கணும்.
அடியிலிருந்து ஒடிக்க ஒடிக்க
தண்டு நீண்டு
உச்சியில் ஒரு குடுமியோடு
முழங்கால் தாண்டி நின்றது ஆறும்.

தையில் மூன்று ராத்திரி வெள்ளைப்பனி.
ஏழாம் நம்பர் மலை முழுக்க
வெந்நீர் ஊற்றினாற்போல் கருகிப் போனது.
பெரட்டில் பேர் கூப்பிடவில்லை,
மறுநாள் அரைப்பேர்,
அதற்கும் மறுநாள் ஒன்றுமில்லை.
போஞ்சிக் கொடி ஈரத்துணியாய்த் தொங்கியது.
லீக்ஸ் படுத்துவிட்டது.
கேல் மட்டும்
ஓரமெல்லாம் உப்புப் பூத்து நின்றிருந்தது.
வெயில் ஏறியதும் உதறிக்கொண்டு
ராத்திரி எங்கேயும் போகாத பிள்ளை மாதிரி
முகத்தை வைத்துக்கொண்டது.

அரிசி டின்னின் அடி தெரிந்த நாளில்
அவளே பின்னால் போனாள்.
உள்ளேயிருந்து கேட்டேன்:
படக், படக்.
மலையில் கேட்கிற சத்தம்.
ஓடிப் பார்த்தால்
ஆறிலும் குருத்தில்லை.
இருபத்திரண்டு வருசத்துக் கை,
அவளைக் கேட்காமலே கிள்ளியிருக்கிறது.
நான் வாய் திறக்கவில்லை.

அன்றைய சுண்டல் இனித்தது.
பனி பட்டால் இனிக்கும் என்று
சுமனாவதி பிறகு சொன்னாள்.
குருத்தென்பதாலும் இருக்கலாம்,
பசியென்பதாலும்.
ரெங்கநாயகி சட்டியை ரொட்டியால் துடைத்தெடுத்தாள்.

மாசி பிறந்தது. டப்பாவில் மாசி முடிந்தது.
பின்னால் ஆறு மொட்டைக் கம்பு.
பிடுங்கி எறியக் கை வைத்தேன்.
“கவ்வாத்து வெட்டின மலைய
நீ பாத்ததேயில்லையா?” என்றாள்,
துணியைப் பிழிந்துகொண்டே, திரும்பாமல்.

குனிந்து பார்த்தேன்.
இலை ஒடித்த ஒவ்வொரு தழும்புக்கு மேலும்
மிளகளவு பச்சை.
ஒரு கம்பில் ஏழு எண்ணினேன்.
ஒன்று மட்டும் செத்துவிட்டது, பீலிப் பக்கத்துக் கம்பு.

இப்போது ஐந்து செடிக்குப் பாகப்பிரிவினை:
எனக்கு இரண்டு, அடியிலிருந்து.
அவளுக்கு மூன்று, மேலிருந்து.
எது கூடக் காய்க்கும் என்பதல்ல,
எது கூடத் துளிர்க்கும் என்று
டேவிட்ராஜ் ஐம்பது ரூபாய் பந்தயம் வைத்திருக்கிறான்,
சாணிக் கடன் போக.

போன கிழமை கணக்கப்பிள்ளை
பாதையில் நின்று கேட்டார்,
இதென்ன மரம் என்று.
நான் யோசிப்பதற்குள்
அவள் முந்திக்கொண்டாள்.
“இலைதான், ஐயா.
நிறுக்கத் தேவையில்ல.”